சந்தாலியும் லாத்வியனும்: பசுவும் நூறும் காட்டும் பொய்யுறவு

கிழக்கிந்தியாவில் சந்தால் பழங்குடியினர் பேசும் சந்தாலிக்கும் ஐரோப்பாவில் லாத்வியா நாட்டின் மொழியான லாத்வியனுக்கும் சொற்பட்டியல் போட்டு ஒப்பிட உட்கார்ந்தால் சீக்கிரமே ஒரு பசு வந்து குறுக்கே நிற்கும். சந்தாலியில் பசுவுக்கு 'காய்'. முதல் எழுத்தை 'கங்கை' என்பதில் வரும் ககரம் மாதிரி ஒலிக்க வேண்டும். லாத்வியனில் 'குஓவ்ஸ்', அதுவும் அதே ககரம்தான். கொஞ்சம் கீழே போனால் நூறு. சந்தாலியில் 'சாயே', லாத்வியனில் 'ஸிம்ட்ஸ்'. இரண்டு சொல் ஒத்துவிட்டது என்று கையில் இருக்கும் பட்டியலோடு உறவு கொண்டாடக் கிளம்புபவர்கள் உண்டு. அங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஒற்றுமை உண்மை, உறவு பொய். லாத்வியன் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் பால்டிக் கிளையைச் சேர்ந்தது. சமஸ்கிருதத்தின் 'கௌ', 'சதம்' இரண்டும் அதற்குப் பங்காளி வீட்டுச் சொற்கள். அதாவது குஓவ்ஸும் ஸிம்ட்ஸும் லாத்வியனுக்குப் பிதிரார்ஜிதச் சொத்து. சந்தாலி ஆஸ்ட்ரோ-ஆசியக் குடும்பத்தில் முண்டா கிளை. அதற்குக் காயும் சாயேயும் அக்கம்பக்கத்து இந்தி, வங்காளம், ஒடியா வழியாக வந்த கடன். ஒருவர் பரம்பரையாக வைத்திருக்கும் நகையைப் போலவே இன்னொருவர் கடையில் வாங்கிப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. லாத்வியனில் புகை 'தூமி', காற்று 'வேய்ஷ்', தேன் 'மெதுஸ்', கடவுள் 'தியெவ்ஸ்', சக்கரம் 'ரட்ஸ்'. தூமம், வாயு, மது, தேவன், இரதம் என்று நமக்கும் மணி அடிக்கும். அடிப்பதற்குக் காரணம் லாத்வியன் நமக்கு உறவு என்பதல்ல, நாம் சமஸ்கிருதத்திடம் கடன் வாங்கியதுதான். சந்தாலியின் நிலைமையும் இதே.

ஆகவே வரைபடத்தைப் பார்த்து உறவை ஊகிக்கக் கூடாது. ஜார்க்கண்டின் தும்காவிலோ ஒடிசாவின் மயூர்பஞ்சிலோ ஒரு சந்தாலி வீட்டுக்கு அடுத்த வீட்டில் பேசப்படும் வங்காளமோ ஒடியாவோ, ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் லாத்வியத் தலைநகர் ரீகாவில் பேசப்படும் லாத்வியனுக்குத்தான் சொந்தம். சந்தாலிக்குச் சொந்தங்கள் கிழக்கே இருக்கின்றன. கண்ணுக்குச் சந்தாலியில் 'மேத்'', மேகாலயாவின் காசி மொழியில் 'க்மாத்', வியட்நாமியத்தில் 'மாத்'. நான்குக்குச் சந்தாலியில் 'போன்', கம்போடியாவின் கெமரில் 'புவன்', வியட்நாமியத்தில் 'போன்'. கண், கை, தண்ணீர், சிறிய எண்கள் போன்ற சொற்கள் எளிதில் கடனாகப் போகாது. நூறு போகும், பசுவும் போகும். சந்தை, வரி, கால்நடை வழியாக வரும் சொற்களை ஒப்பீட்டுப் பட்டியலில் இருந்து முதலிலேயே தள்ளி வைப்பது நல்லது.

கடனும் அல்லாத, உறவும் அல்லாத மூன்றாவது ரகம் ஒன்று உண்டு: தற்செயல். சந்தாலியில் காடு 'பிர்'. லாத்வியனில் சோலை 'பிர்ஸ்ஸ்'. பார்த்தால் அசத்தலான ஜோடி. ஆனால் லாத்வியச் சொல் அந்த ஊர் வெள்ளைப்பட்டை மரமான பிர்ச்சின் பெயரோடு பிறந்தது, சந்தாலிச் சொல்லுக்கு அதோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆயிரம் சொல் கொண்ட எந்த இரண்டு பட்டியலை அடுத்தடுத்து வைத்தாலும் இப்படி நாலைந்து கிடைக்கும். ஒற்றைச் சொல் பொருந்துவது சான்று ஆகாது. ஒரே ஒலிமாற்றம் பல சொற்களில் வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்தால்தான் சான்று.

இங்கே எழுத்துபெயர்ப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சந்தாலியில் சொல் இறுதியில் வரும் சில மெய்கள் வெடிக்காமல் தொண்டையில் அடைபட்டு நிற்கும். க், ச், த், ப் நான்குக்கும் இந்த அடைப்பு உண்டு. அதைத்தான் மேலே மேற்கோள் குறியால் காட்டியிருக்கிறேன்: 'தாக்'' என்றால் தண்ணீர், 'தாக்கா' என்றால் சோறு. அடைப்பைக் கவனிக்காமல் எழுதினால் தண்ணீரும் சோறும் கலந்துவிடும். லாத்வியனில் வேறு சிக்கல். அதன் ஒரு லகரத்தை 'ள' என்று எழுதத் தமிழ்க் கை தானாகப் போகும். போகக் கூடாது. நம் ள நாக்கை மடித்துச் சொல்வது, அவர்களுடையது நாக்கின் நடுப்பகுதியை அண்ணத்தில் ஒட்டிச் சொல்வது. 'ல்ய' என்று எழுதுவதே கிட்டத்தட்ட சரி. ஞகரம் மட்டும் மூன்று மொழிக்கும் பொது. தமிழ் எழுத்தில் இந்த ஒப்பீட்டைச் செய்வதில் கிடைக்கும் ஒரே லாபம் அதுதான்.

சொற்களை விடுங்கள். உண்மையான சுவாரஸ்யம் வாக்கியத்தில் இருக்கிறது. 'அந்த இரண்டு நாய்களையும் பார்த்தேன்' என்ற ஒரே வாக்கியத்தை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம்.

லாத்வியன்: எஸ் ரெட்ஸேயு திவுஸ் சுஞுஸ்.

சந்தாலி: சேத்தா-கின்-இஞ் ஞெல்-கெத்'-கின்-ஆ.

லாத்வியனில் 'எஸ்' நான், 'ரெட்ஸேயு' பார்த்தேன், 'திவுஸ்' இரண்டை, 'சுஞுஸ்' நாய்களை. வினையில் இருப்பது காலமும் 'நான்' என்பதும் மட்டும். யாரைப் பார்த்தேன் என்ற தகவல் முழுக்கப் பெயரின் வாலில் இருக்கிறது. 'இரண்டு' என்ற எண்ணுச் சொல்லும் நாயோடு சேர்ந்து வேற்றுமையும் பாலும் எடுக்கிறது. அதனால் சொல் வரிசையைக் கலைத்துப் போட்டாலும் பொருள் கெடாது, அழுத்தம்தான் மாறும்.

சந்தாலியில் 'சேத்தா' நாய், 'கின்' இரண்டு பேர், 'இஞ்' நான். அடுத்து 'ஞெல்' பார், 'கெத்'' இறந்தகாலம், மறுபடியும் 'கின்', அதாவது அந்த இருவரை, கடைசியில் 'ஆ', வாக்கியம் முடிந்தது என்ற முத்திரை. 'இரண்டு' என்று தனிச் சொல் தேவையே இல்லை. நாய் என்ற பெயரில் 'ஐ' மாதிரி எந்த உருபும் இல்லை. செயப்படுபொருள் வினைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 'நான்' என்பது வினைக்கு முந்தைய சொல்லில் தொற்றிக்கொண்டிருக்கிறது. அந்த 'இஞ்' நாயின் பகுதி அல்ல, வினையின் எழுவாய் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. வினைக்கு முன்னால் சொல்லே இல்லையென்றால் அது கடைசிக்குப் போய்விடும்: ஞெல்-கெத்'-கின்-ஆ-ஞ். ஒரே சொல், முழு வாக்கியம்.

வேறுபாட்டின் மையம் இதுதான். வாக்கியத்தின் கணக்குப் புத்தகத்தை லாத்வியன் பெயரில் வைத்திருக்கிறது, சந்தாலி வினையில் வைத்திருக்கிறது. தமிழ் நடுவில் நிற்கிறது: எழுவாயை வினையில் எழுதுகிறோம் (பார்த்தேன்), செயப்படுபொருளைப் பெயரில் எழுதுகிறோம் (நாயை). அதனால் தமிழர் இரண்டு மொழியிலும் பாதி வழி தானாகப் போய்விடலாம், மீதிப் பாதியில் தடுக்கி விழலாம். சந்தாலி கற்கும் தமிழர் பெயருக்கு உருபு தேடி ஏமாறுவார். லாத்வியன் கற்பவர் 'விஞ்ஷ் ரெட்ஸ்' என்றால் அவன் பார்க்கிறான், 'விஞி ரெட்ஸ்' என்றால் அவர்கள் பார்க்கிறார்கள் என்பதைக் கண்டு, படர்க்கையில் ஒருமையும் பன்மையும் ஒரே வினையா என்று குழம்புவார். ஆமாம், ஒன்றேதான்.

சந்தாலி வினை எல்லாரையும் உள்ளே ஏற்றிக்கொள்வதில்லை. சோற்றை உண்டேன் என்றால் 'தாக்கா-ஞ் ஜொம்-கெத்-ஆ'. சோற்றுக்கு வினையில் இடமில்லை, ஏனென்றால் அது உயிரற்றது. நாயைப் பார்த்தேன் என்றால் 'சேத்தா-ஞ் ஞெல்-கெத்-எ-ஆ', நடுவில் 'எ' வந்துவிடும். (அடைபட்ட த்' அடுத்து உயிர் வந்ததும் திறந்து, 'தேவன்' என்பதில் வரும் தகரம் போல மென்மையாவதையும் கவனியுங்கள்.) நம் உயர்திணை, அஃறிணைக் கோடு மனிதருக்கும் மற்றவற்றுக்கும் நடுவில் போகிறது. சந்தாலியின் கோடு உயிருள்ளதற்கும் இல்லாததற்கும் நடுவில். நாய், கோழி, மீன் எல்லாம் மேல் பக்கம். வேடிக்கை என்னவென்றால் சூரியன், சந்திரன், நட்சத்திரங்களும் மேல் பக்கம்தான்.

லாத்வியன் திணை பார்ப்பதில்லை, பால் பார்க்கிறது. ஆண்பால், பெண்பால், இரண்டே. மேசையும் மரமும் ஏதாவது ஒன்றில் விழுந்தாக வேண்டும். சூரியன் 'ஸௌலெ', பெண்பால். நிலா 'மேனெஸ்', ஆண்பால். நாட்டுப்பாடல்களில் ஸௌலெ தாயாகவும் மணமகளாகவும் வருவாள்.

எண்ணில் சந்தாலிக்கு மூன்று: ஒருமை, இருமை, பன்மை. ஹொட் ஒருவர், ஹொட்-கின் இருவர், ஹொட்-கோ பலர். லாத்வியனின் முன்னோருக்கும் இருமை இருந்தது, காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. நாம், நாங்கள் வேறுபாடு நமக்குக் கைப்பழக்கம். சந்தாலியில் அதுவும் இருமையும் சேர்ந்து நான்காகிறது: ஆலாங் (நீயும் நானும்), ஆலிஞ் (நீ அல்லாமல் நாங்கள் இருவர்), ஆபோ (நாம் எல்லாரும்), ஆலே (நீங்கள் அல்லாமல் நாங்கள்). லாத்வியனில் நான்குக்கும் சேர்த்து ஒரே 'மேஸ்'. அந்த வட்டாரத்தில் முன்னிலையைச் சேர்த்தும் விலக்கியும் பேசுவது சந்தாலிக்கு மட்டும் உரியது அல்ல. ராஜ்மகால் மலைகளில் சந்தால்களுக்கு அண்டை வீட்டாராக வாழும் பஹாடியாக்கள் பேசும் மால்டோ ஒரு திராவிட மொழி, நமக்குத் தூரத்துச் சொந்தம். அதிலும் இந்தப் பாகுபாடு உண்டு.

மரியாதைக்கு லாத்வியன் நம்மைப் போலவே ஒருவரைப் பன்மையில் அழைக்கும்: து என்றால் நீ, யூஸ் என்றால் நீங்கள். சந்தாலியில் மாமனார், மாமியார், மருமகன், மருமகள் என்ற உறவுகளுக்குள் ஒருவரையே இருமையில் பேசும் வழக்கம் உண்டு. எதிரில் நிற்பது ஒரே ஆள், அவரை 'நீங்கள் இருவர்' என்று அழைப்பது. மொழிபெயர்ப்பில் இதைக் கவனிக்காமல் இரண்டு பேர் வந்திருப்பதாக எழுதிவிட்டால் கதையே மாறிவிடும்.

லாத்வியப் பெயரின் வால்களை ஒருமுறை முழுசாகப் பார்க்க வேண்டும். சுன்ஸ் நாய், சுஞ நாயின், சுனிம் நாய்க்கு, சுனி நாயை, சுனீ நாயில். மரபிலக்கணம் ஏழு வேற்றுமை சொல்லும். அதில் 'ஆல்' என்ற கருவி வேற்றுமைக்குத் தனி வடிவம் இல்லை, ஒருமையில் இரண்டாம் வேற்றுமையையும் பன்மையில் நான்காம் வேற்றுமையையும் கடன் வாங்கிக்கொள்ளும். புதிதாகக் கற்பவர் இரண்டு இடத்தில் அடிபடுவார். ஒன்று, 'சுஞ' என்பதை அகராதியில் தேடி இல்லை என்பார். னகரம் ஞகரமானது வேற்றுமையால், தேட வேண்டியது சுன்ஸ். இன்னொன்று, குறிலும் நெடிலும். 'சுனி'க்கும் 'சுனீ'க்கும் உள்ள தூரம் ஒரு மாத்திரைதான், வேற்றுமையே மாறிவிடுகிறது. 'மாய' வீடு, 'மாயா' வீட்டில். 'ரீக' ஊர்ப்பெயர், 'ரீகா' அந்த ஊரில். 'கஸஸ்' ஆடுகள், 'காஸஸ்' கல்யாணம். (நடு ஸகரத்தை இரைச்சலோடு ஒலிக்க வேண்டும்.) எழுத்தின் தலையில் உள்ள கோட்டைச் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டுத் தட்டச்சு செய்தால் கல்யாணத்துக்கு அழைப்பவர் ஆடுகளுக்கு அழைத்துவிடுவார். படு, பாடு என்று பழகிய நமக்கு இது விளங்க நேரம் ஆகாது.

தமிழரை லாத்வியன் ஆச்சரியப்படுத்தும் இடம் இன்னும் இரண்டு. 'மன் இர் திவி பேர்னி' என்றால் சொல்லுக்குச் சொல் 'எனக்கு இருக்கிறார்கள் இரண்டு பிள்ளைகள்'. சொல் வரிசையைத் திருப்பினால் நம் பேச்சு மொழி அப்படியே. உடைமையாளருக்கு 'கு' உருபு போடும் புத்தி இரண்டு மொழிக்கும் ஒன்று, இரத்த உறவு ஏதும் இல்லாமலே. சந்தாலி இதையும் வினைக்குள் தள்ளிவிடும். 'இருக்கிறது' என்ற வினையின் நடுவில் 'என்னுடைய' என்பதற்கு 'திஞ்' என்று ஒரு துண்டு சேரும்.

இரண்டாவது இன்னும் அழகு. 'விஞ்ஷ் இர் ஸ்லிம்ஸ்', அவன் நோயாளியாக இருக்கிறான். 'விஞ்ஷ் எஸுஓட் ஸ்லிம்ஸ்', அவன் நோயாளியாக இருக்கிறானாம். சொன்னது நான் அல்ல, கேட்டதைச் சொல்கிறேன் என்ற பொறுப்புத் துறப்பு, நம் '-ஆம்' செய்யும் வேலை, அங்கே வினையின் தனி வடிவமாகவே இருக்கிறது. செய்தி எழுதுபவர்களுக்கு மிகவும் வசதி. ஆங்கிலம் வழியாக லாத்வியன் கற்பவர்கள் இதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் படிக்கிறார்கள். தமிழருக்கு ஒரு 'ஆம்' போதும்.

சொல்லாக்கத்தில் சந்தாலியிடம் ஒரு வித்தை இருக்கிறது, லாத்வியனிடமும் தமிழிடமும் இல்லாதது. 'ஞெல்' பார். 'ஞெப்பெல்' ஒருவரை ஒருவர் பார். 'தால்' அடி, 'தாப்பால்' ஒருவரை ஒருவர் அடி. வேர்ச்சொல்லைப் பிளந்து நடுவில் ஒரு பகரம் செருகப்படுகிறது. லாத்வியன் அதே வேலையை வாலில் ஒட்டிச் செய்கிறது: ரெட்ஸேட் பார், ரெட்ஸேத்தியெஸ் ஒருவரை ஒருவர் பார். இரண்டிலும் வேரை மட்டும் பிரித்தெடுக்கும் கணினி நிரல் எழுதுபவருக்கு, லாத்வியனில் வாலை வெட்டினால் பாதி வேலை முடியும். சந்தாலியில் சொல்லின் வயிற்றுக்குள் கை விட வேண்டும். பெயர்ச்சொல்லை நேரே வினையாக்கும் சுதந்திரமும் சந்தாலியில் அதிகம். 'ஓடாக்'' வீடு. 'ஓடாக்'-கெத்-ஆ-கோ' என்றால் வீடு கட்டினார்கள். பெயர், வினை என்று அகராதியில் முத்திரை குத்துவது இங்கே எளிதல்ல.

ஒலியில் ஒரு இடத்தில் இரண்டும் கிட்ட வருகின்றன. லாத்வியனில் நெட்டுயிருக்கு மூன்று விதத் தொனி உண்டு: சமன், வீழ்ச்சி, முறிவு. முறிவில் தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறக்கும். 'ஸாலெ' என்பதைச் சமமாக இழுத்தால் மண்டபம், முறித்துச் சொன்னால் புல். எழுத்தில் இது தெரியாது. சந்தாலி அடைப்பு மெய்யில், லாத்விய அடைப்பு உயிரில். ஒன்றுக்கொன்று வாரிசு இல்லை, காதுக்கு மட்டும் ஒரு சாயல். லாத்வியச் சொல்லில் அழுத்தம் கிட்டத்தட்ட எப்போதும் முதல் அசையில். அதற்குப் பக்கத்தில் வாழ்ந்த லிவோனியர் போன்ற ஃபின்னியக் குடிகளின் தாக்கம் காரணம் என்பது பரவலான கருத்து. 'மாய', 'புய்க' (பையன்) என்ற சொற்களும் அவர்களிடமிருந்து வந்தவையே. விதிவிலக்கு, தினமும் சொல்லும் 'பல்தியெஸ்', நன்றி. கடவுள் துணை என்ற தொடர் சுருங்கியது அது, அழுத்தம் இரண்டாம் அசையில்.

எழுத்துக்கு வருவோம். சந்தாலிக்கென்றே ஆன ஒல் சிக்கி எழுத்தைப் பண்டித ரகுநாத் முர்மு 1925-இல் மயூர்பஞ்சில் உருவாக்கினார். முப்பது எழுத்து, ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து, ஒவ்வொரு வரிசையின் தலையிலும் ஒரு உயிர். உயிர்மெய் கிடையாது, உயிரும் மெய்யும் அடுத்தடுத்து நிற்கும். இந்திய எழுத்துகளில் அபூர்வம். 'இர்' என்ற எழுத்தின் பெயருக்கு அறுவடை செய் என்று பொருள், 'உத்' என்றால் காளான். அவருடைய கூர்மை தெரிவது அடைபட்ட மெய்களை எழுதிய விதத்தில். ஒரே எழுத்து சொல் இறுதியில் அடைபட்ட க்', உயிருக்கு முன் 'கங்கை'யில் வரும் க. மேலே கெத்', கெத்-எ என்று மாறியதை எழுத்தே ஏற்றுக்கொள்கிறது. நம் ககரம் இடத்துக்கு ஏற்ப ஒலி மாறுவதைப் போலத்தான். மாறக் கூடாத இடத்தில் மட்டும் குறி போட வேண்டும்: அடைப்பை நீக்க 'அஹத்', அடைப்பைக் காக்க 'பார்க்கா'.

2008-இல் யூனிகோட் 5.1 இந்த எழுத்தைச் சேர்த்துக்கொண்டது. தட்டச்சில் கவனிக்க வேண்டியவை இரண்டு. உயிரின் ஒலியை மாற்றும் கீழ்ப்புள்ளி பார்வைக்கு முற்றுப்புள்ளி போலவே இருக்கும். சாதாரண முற்றுப்புள்ளியைத் தட்டிவிட்டால் கணினி சொல்லை அங்கே வெட்டிவிடும், தேடலில் சிக்காது. பார்க்காவுக்குப் பதில் இணைப்புக்கோடு போட்டாலும் அதே கதி. வாக்கிய முடிவுக்குத் தனிக் குறி இருக்கிறது, அதைப் பயன்படுத்தினாலே பாதிக் குழப்பம் தீரும். லாத்வியனின் 33 எழுத்துகளில் இத்தகைய தொல்லை குறைவு. ஆனால் முன்பு அதுவும் அவதிப்பட்டது. ஜெர்மானியப் பாதிரிமார் தங்கள் மொழி வழக்கப்படி எழுதிவைத்த குழப்பமான முறையை விட்டு, 1908-இல் மொழியியலாளர்கள் மீலென்பஹ்ஸும் என்ட்ஸெலீன்ஸும் இருந்த குழு இன்றைய ஒலிவழி எழுத்துக்கு வழி வகுத்தது.

வெளியாட்கள் இலக்கணம் எழுதிய கதை இரண்டுக்கும் பொது. சந்தாலிக்கு நார்வேயிலிருந்து வந்த பாதிரியார் ஸ்க்ரெஃப்ஸ்ருத் 1873-இல் இலக்கணம் வெளியிட்டார். அதே 1873-இல் ரீகாவில் லாத்வியர் முதல் பெரும் பாட்டு விழாவை நடத்தினார்கள். இன்னொரு நார்வே பாதிரியார் போடிங்கின் ஐந்து தொகுதிச் சந்தாலி அகராதி 1929-க்கும் 1936-க்கும் இடையில் வந்தது. மீலென்பஹ்ஸ் தொடங்கி என்ட்ஸெலீன்ஸ் முடித்த லாத்விய அகராதி 1923-க்கும் 1932-க்கும் இடையில். வேறுபாடு, பின்னதைச் செய்தவர்கள் லாத்வியர்களே. 2004 ஜனவரியில் 92-ஆம் திருத்தம் வழியாகச் சந்தாலி இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் ஏறியது. அதே ஆண்டு மே 1 அன்று லாத்வியன் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் மட்டும் சந்தாலி பேசுவோர் சுமார் 73.7 லட்சம். லாத்வியாவின் மொத்த மக்கள்தொகையே இருபது லட்சத்துக்குள். ஆனாலும் லாத்வியனுக்கு ஒரே எழுத்து, சொந்த அரசு. சந்தாலி ஊருக்கு ஊர் ஒல் சிக்கி, வங்காளம், தேவநாகரி, ஒடியா, ரோமன் என்று ஐந்து எழுத்தில் சிதறிக் கிடக்கிறது. தலை எண்ணிக்கை மொழிக்குப் பலம் என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஒப்பிட நினைப்பவர்கள் சொற்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ஆறேழு வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: நாயைப் பார்த்தேன், நாய்கள் இரண்டைப் பார்த்தேன், சோறு உண்டேன், எனக்கு இரண்டு பிள்ளைகள், அவன் வந்தானாம், நாம் போவோம். ஒவ்வொன்றிலும் ஆள், எண், திணை எங்கே ஒட்டியிருக்கிறது என்று வட்டம் போடுங்கள். கடைசியாகச் 'சூரியனைப் பார்த்தேன்' என்பதைச் சேருங்கள். லாத்வியன் 'ரெட்ஸேயு ஸௌலி' என்று பெண்பால் பெயரின் வாலை மாற்றும். சந்தாலி பெயரைத் தொடாமல், நாய்க்கு வைத்த அதே 'எ'-வைச் சூரியனுக்கும் வினைக்குள் வைக்கும்: ஞெல்-கெத்-எ-ஆ-ஞ்.